வெறும் கட்டன்

பால் விடாத கட்டன் சாயாவோடு கேக் தின்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டும். கிரீம் தடவின கேக்கைச் சொல்கிறேன். கொதிக்கிற கட்டனை ஒரு வாய் குடித்துவிட்டு அந்த வெள்ளைக் கொழுப்பை வாயில் வைத்தால் மேலண்ணமெல்லாம் வனஸ்பதி படிந்துவிடும். அதற்குப் பிறகு ஊற்றுகிற கட்டனில் மணமும் கிடையாது, துவர்ப்பும் கிடையாது. எச்சில் தட்டு கழுவின வெந்நீரைக் குடிக்கிற மாதிரிதான். கருமம், அதையும் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார்கள்.

நான் மட்டாஞ்சேரி பஜாரில் சாயங்காலக் கடை போடுகிறவள். பேர் பாப்பா. என் கடையில் கட்டனும் கடியும்தான் உண்டு. பால் சாயா கேட்டால் எதிர்ப்பக்கம் கையைக் காட்டிவிடுவேன். கடி என்றால் இந்த ஊரில் சாயாவோடு கடித்துக்கொள்கிற பலகாரம். என் கடைக் கடி பருப்புவடை. கடலைப்பருப்பை அரைகுறையாக அரைத்து, சின்ன வெங்காயம், இஞ்சி, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை போட்டு, ஓரம் மொறுமொறுவென்று எடுக்க வேண்டும். ஒரு கடி, ஒரு மடக்கு. வடையின் எண்ணெயைக் கட்டன் வழித்துக்கொண்டு போகும், கட்டனின் கசப்பை வடை ஆற்றும். அவித்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் இருந்தால் அதுவும் பொருந்தும். பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கிற பழம்பொரியைக்கூட, மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் கெஞ்சினதால்தான் சேர்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் வந்து தேன் இருக்கிறதா என்று கேட்டான். எழுந்து போடா என்று தமிழிலேயே சொன்னேன், சிரித்துக்கொண்டு போனான்.

வெறும் கட்டன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். ஒரு துண்டு கப்பையாவது தட்டில் வைத்துத்தான் கிளாஸை நீட்டுவேன். எங்கள் காலனியில் வெறும் கட்டனுக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு, அது சாவு வீடு. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பினவர்களுக்கு வாசலில் வைத்துக் கொடுப்போம். சர்க்கரை கிடையாது, கடி கிடையாது. நின்றுகொண்டே அடிவரைக்கும் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். கிளாஸில் மிச்சம் வைத்தவர்கள் வீட்டுக்கு அந்தச் சாவு பின்னாலேயே வந்துவிடும் என்பார்கள். எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் எங்கள் ஆட்களில் மிச்சம் வைத்தவனை நான் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்தால் வடையும் கட்டனும். பையனின் அம்மா வடையைக் கடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வாயால் யாரும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்க்க வந்தபோது என் மாமியார் இரண்டாவது வடையும் கேட்டு வாங்கித் தின்றாளாம், இன்றைக்கும் என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

என் வீட்டுக்காரர் பேர் வேலன். கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை அள்ளுகிற வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை, என் அப்பாவுக்கும் அதே வேலை. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கென்றே தமிழ்நாட்டிலிருந்து எங்கள் ஆட்களைக் கொண்டுவந்து காலனி கட்டிக் குடிவைத்தார்கள். ஊர் நாறாமல் இருப்பது எங்களால்தான், அதனால் ஊர் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

எங்கள் ஒரே மகள் சுனிதா. பிராட்வேயில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்து எனக்குக் கடையில் கை கொடுப்பாள். அங்கே பிடித்தான் அவளை ஜிதின். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, என் பெஞ்சில் உட்கார்ந்து, "சேச்சி, கடுப்பத்துல, நல்லா ஸ்ட்ராங்கா ஒரு கட்டன், வடை சூடா" என்பான். ஒன்று தின்பான், அப்புறம் இன்னொன்று. விரலை நக்குவான். என் வடையைத் தின்னுகிற வாய் பொய் சொல்லாது என்று அப்போது நினைத்தேன். என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

ஜிதினின் அம்மா லோகாம்பாள். யாரோ எவளோ இல்லை, எங்கள் காலனியில் பிறந்து வளர்ந்தவள்தான். அவளுடைய அப்பாவும் என் மாமனாரும் ஒரே வண்டியைத் தள்ளினவர்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த மாப்பிள்ளை கிடைத்து இடக்கொச்சிக்குப் போனாள், போனவள் போனவள்தான். பெற்றவர்களும் செத்த பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவள் பிறந்த இடம் காலனிக்கே தெரியும், அவளுக்கு மட்டும் மறந்துபோயிற்று. பையன் ரொம்ப நாள் கெஞ்சித்தான் பெண் பார்க்க வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாளாம்.

அதற்கு முந்தின நாள் சுனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நாளைக்கு நீ வாயத் தொறக்கப் பிடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"நான் என்னத்தடி சொல்லிடப் போறேன்?"

"உன்ன எனக்குத் தெரியாதா? அவங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கோ. எனக்கு ஜிதினேட்டன் வேணும்மா. இது கெட்டுப்போனா நான் வேற கல்யாணமே கட்டமாட்டேன்."

கண் நிறைந்திருந்தது அவளுக்கு. பெற்ற வயிறு கேட்குமா? சத்தியம் பண்ணினேன். என் வாய் எனக்குத் தெரியும். காலனியில் குழாயடிச் சண்டையில் என் பேர் சொன்னால் ஆட்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாயைத் தைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழிந்து வந்தார்கள். லோகாம்பாள், ஜிதின், கூட ஜிதினின் சித்தப்பா வெங்கிடாசலம். காரைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவையை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடி அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள் மகராசி. மழைகூட இல்லை, சந்து காய்ந்துதான் கிடந்தது. என் வீட்டுக்காரர் விடிகாலையிலேயே எழுந்து அதைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். அவர் இரண்டு தடவை குளித்து, புது வெள்ளைச் சட்டை போட்டு, சந்தனம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாக்கா, வா வா. எத்தர நாளாச்சு பாத்து," என்றார்.

"ஆ," என்றாள். அவ்வளவுதான். கைக்குட்டையை நாற்காலியில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். அதுவும் முழுசாக உட்காரவில்லை, நுனியில் தொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு வடைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பருப்பைக் கல் பொறுக்கி, ஆட்டுக்கல்லில் போட்டு அரைத்தேன், மிக்ஸியில்கூடப் போடவில்லை. புது எண்ணெய். வாழையிலை நறுக்கில் வடையை அடுக்கி, நல்ல கண்ணாடி கிளாஸ்களைத் துடைத்து, கட்டன் இறக்கிச் சுனிதா கையில் தட்டைக் கொடுத்தேன். அவள் பச்சைச் சேலையில் வந்து நின்றதும் ஜிதின் சிரித்தான். லோகாம்பாள் அவளைப் பார்க்கவேயில்லை, கிளாஸைப் பார்த்தாள்.

"ஐயோ, கிளாஸ் வேண்டா," என்றாள் மலையாளத்தில். எங்களோடு தமிழ் பேச நாக்கு வரவில்லையாம். "இப்ப எல்லாயிடத்தும் மஞ்ஞப்பித்தம் அல்லே. ஞான் கப்பு கொண்டு வந்நிட்டுண்டு."

மஞ்சள்காமாலை பரவுகிறதாம், அதனால் கப்பு கொண்டுவந்திருக்கிறாளாம். பையைத் திறந்து பேப்பர் கப்பு எடுத்தாள், பேப்பர் தட்டு எடுத்தாள், பிளாஸ்டிக் கரண்டி எடுத்தாள், கடைசியாக ஒரு பெரிய கேக் டப்பாவையும் எடுத்தாள். பெண் பார்க்க வந்தாளா, பிக்னிக் வந்தாளா? கட்டன் மட்டும் ஊற்றினால் போதும், அது கொதித்த தண்ணீர்தானே என்றாள். அடிப்பாவி, கொதிக்கிற எண்ணெயில் வெந்த வடையில் மட்டும் எந்தக் கிருமி உட்கார்ந்து உன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது? கேட்கவில்லை. சத்தியம் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

சுனிதா கட்டனை அந்தப் பேப்பர் கப்பில் ஊற்றினாள். என் கட்டன், பேப்பர் கப்பில்! மெழுகு உருகி வருகிற அந்த நாற்றம் எனக்கு அடுக்களை வாசல்வரைக்கும் வந்தது. சித்தப்பா கேக்கை வெட்டினார். ஒரு துண்டை எடுத்துக் கட்டனில் முக்கினார். முக்கி, அது பாதி கரைந்து கப்பிலேயே விழுந்து, மேலே கிரீம் வெள்ளை வெள்ளையாக மிதக்க, அதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு "நல்ல காம்பினேஷன்" என்றார். மீசையில் கிரீம். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வடை அப்படியே இருந்தது. வாசலில் எட்டிப்பார்க்கிற மாதிரி நடமாடிக்கொண்டிருந்த காலனிப் பெண்களுக்கெல்லாம் அது தெரிந்துவிட்டது. அவர்கள் பார்ப்பது பெண்ணையும் மாப்பிள்ளையையும் இல்லை, வடையைத்தான்.

என் வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவர் எழுந்து வடைத் தட்டைக் கையில் எடுத்தார். "அக்கா, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ. சின்னதுல எங்கம்மா பொரிக்கிற எடத்துல நீ மொதல்ல வந்து நிப்பியே," என்று சொல்லி, குனிந்து நீட்டினார்.

அவள் பின்னால் சாய்ந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

அந்த மனிதர் அப்படியே குனிந்து நின்றார், தட்டு நீட்டினது நீட்டினபடி. சந்தனமும் சோப்பும் மணக்கிற அந்தக் கையைப் பார்த்துத்தான் மூக்கைப் பொத்தினாள், அவளுடைய அப்பன் கை மாதிரியே இருக்கிற கையைப் பார்த்து. சீ! ஓடையில் இறங்குகிற மனுஷன் எத்தனையோ நாற்றத்தைப் பார்த்திருக்கிறார், இதைப் போல ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்.

சுனிதா அந்தத் தட்டை அப்பா கையிலிருந்து வாங்கினாள். ஜிதினிடம் நீட்டினாள். "நீங்க எடுத்துக்கோங்க ஏட்டா," என்றாள். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது, எனக்கே கேட்டது.

"அவனு எண்ணப்பலகாரம் சீலமில்லா," என்றாள் லோகாம்பாள். எண்ணெய்ப் பலகாரம் அவனுக்குப் பழக்கமில்லையாம்.

ஜிதின் வடையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "ஆமா... நான் இதொண்ணும் கழிக்கிறதில்ல," என்றான். தின்கிறதில்லையாம்.

கழிக்கிறதில்லையா? என் பெஞ்சில் உட்கார்ந்து, என் கையால் வாங்கி, என் எண்ணெயை நக்கின நாக்கு சொல்கிறது! கப்பில் கிரீம் மிதந்ததைப் பார்த்துக்கூட எனக்கு அவ்வளவு குமட்டவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பேப்பர் தட்டில் இருந்த கேக்கைக் கரண்டியால் கொத்திக்கொண்டிருந்தான். சுனிதாவை எங்கே பார்த்தேன் என்று அம்மாவிடம் என்ன கதை சொல்லியிருப்பான்? கண்ணாடி வாங்கப் போன இடத்தில் பார்த்தேன் என்றிருப்பான். என் கடையைச் சொல்லியிருக்க மாட்டான்.

லோகாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். பெண் கொள்ளாம், குறை ஒன்றும் இல்லை. கல்யாணம் இடக்கொச்சியில் ஹாலில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் பக்கத்திலிருந்து ஆட்கள் அதிகம் வேண்டாம். காலனி ஆட்கள் வேண்டவே வேண்டாம். பெண்ணின் அச்சனுக்கு என்ன ஜோலி என்று யாராவது கேட்டால் கார்ப்பரேஷன் ஆபீஸில் பியூன் என்று சொன்னால் மதி, அது போதும். கல்யாணத்துக்குப் பிறகு இவள் இங்கே வந்து போவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். இதையெல்லாம் பேப்பர் கப்பை மேஜையில் வைத்துவிட்டு, ஆற அமரச் சொன்னாள்.

"சரிக்கா," என்றார் என் வீட்டுக்காரர். "புள்ள சந்தோஷமா இருந்தா போதும்."

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஏண்டி லோகு, உன் அப்பன் தள்ளின வண்டியில் என்ன இருந்தது, பூவா இருந்தது என்று கேட்க வாயைத் திறந்தேவிட்டேன். சுனிதா என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். கேட்டுக்கொள்ளுங்கள், என் ஆயுசில் நான் மூடின ஒரே தடவை அதுதான்.

சுனிதா ஜிதின் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க ஏட்டா?"

"அம்மா சொல்றதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி, சுனி. ஆளுங்க முன்னால மட்டும்தான். நமக்குள்ள என்ன இருக்கு?"

"அச்சன் பியூனா?"

"சும்மா சொல்றதுதானே..."

அவள் அவனிடமிருந்து திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வடைத் தட்டை எடுத்தாள், கேக்கை எடுத்தாள், பேப்பர் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி எடுத்தாள், மேஜையைத் துணியால் துடைத்தாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள்.

"என்னடி பண்ற?" என்றேன் மெதுவாக.

"நீ பேசாத இரு."

தேயிலையைக் கைப்பிடியாகப் போட்டாள். கறுகறுவென்று கொதிக்கவிட்டு இறக்கி வடிகட்டினாள். சர்க்கரை டப்பா பக்கம் கை போகவில்லை. நான் துடைத்து வைத்த கண்ணாடி கிளாஸ்களில் ஊற்றினாள். தட்டில் வேறொன்றும் வைக்கவில்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. மகளே, உன் கல்யாணத்தையா இதில் ஊற்றியிருக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நகர்ந்து வழிவிட்டேன்.

அவள் அவர்களிடம் போய் நிற்கவில்லை. நேராக வாசல்படிக்குப் போய், அங்கே நின்றுகொண்டு, தட்டைப் பிடித்தபடி, "எடுத்துக்கோங்க," என்றாள்.

வெளியே நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதென்ன, பின்னையும் சாயாவா? கடி ஒண்ணும் இல்லையா?" என்றார். ஜிதினும் முழித்தான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவன் வடை தின்ன மட்டும் எங்களிடம் வந்தவன்.

லோகாம்பாள் முழிக்கவில்லை. தட்டைப் பார்த்தாள். கடி இல்லாத தட்டு, கறுத்த கட்டன், வாசல்படி. அவள் முகத்தில் இருந்த பவுடருக்கு அடியில் ரத்தம் வடிந்துபோனதை நான் பார்த்தேன். நாற்காலி நுனியிலிருந்து எழுந்தாள். விரித்த கைக்குட்டையை மறந்துவிட்டாள். வாசலுக்கு வந்து, எங்கள் வீட்டுக் கண்ணாடி கிளாஸை எடுத்தாள்.

"அம்மா, வேணாம்னா வெச்சிடு," என்றான் ஜிதின்.

"மிண்டாத இருடா!" என்று அவன் வாயை அடைத்தாள். பிறகு, இத்தனை நேரம் வராத தமிழ் வந்தது அவளுக்கு. "மிச்சம் வெக்கப்பிடாது. நீயும் எடுத்துக் குடி. அடி வரைக்கும் குடி."

நின்றபடியே குடித்தாள். கொதிக்கக் கொதிக்க, சர்க்கரை இல்லாமல், கண்ணில் நீர் வர, உதட்டை எங்கள் கிளாஸில் நன்றாகப் பதித்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மஞ்சள்காமாலை எங்கே போயிற்றோ? தலையைப் பின்னால் சாய்த்துக் கிளாஸைக் கவிழ்த்து நாக்கில் தட்டிக்கொண்டாள், எங்கள் கிழவிகள் செய்கிற மாதிரியே. பையனும் கசப்பில் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தான். சித்தப்பா தயங்கினார். "குடிங்க!" என்று அவள் போட்ட அதட்டலில் அவரும் குடித்தார்.

கிளாஸைத் தட்டில் வைத்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் சந்தில் இறங்கி நடந்தாள், சேலையைத் தூக்கிப் பிடிக்கவும் மறந்து. ஜிதின் மட்டும் முனையில் நின்று திரும்பப் பார்த்தான். லோகாம்பாள் அவன் கழுத்தைப் பிடித்து முன்னால் திருப்பிவிட்டாள்.

வாசலில் நின்ற பெண்களும் ஒன்றும் கேட்காமல் கலைந்து போனார்கள். சாவு வீட்டில் யார் என்ன கேட்பார்கள்?

உள்ளே வந்து முதல் காரியமாக அந்தக் கேக்கை டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். பிசுபிசுவென்று கையில் ஒட்டியது, இரண்டு தடவை சோப்புப் போட்டும் வனஸ்பதி நாற்றம் போகவில்லை. கைக்குட்டையைக் குச்சியால் தள்ளினேன். பிறகு லோகாம்பாள் குடித்த கிளாஸைத் தேடினேன், அதையும் குப்பையில் போட வேண்டும் என்று. அந்த உதடு பட்டதை இனி என் வீட்டில் வைப்பதாவது! தட்டில் கிளாஸைக் காணவில்லை.

அது சுனிதாவின் கையில் இருந்தது. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, சட்டியில் மிஞ்சின கட்டனை அதிலேயே ஊற்றிக்கொண்டு, அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த மனிதர் இன்னும் அந்தப் புதுச் சட்டையைக் கழற்றவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த கிளாஸா கெடச்சுது உனக்கு?" என்றேன்.

"கழுவியாச்சும்மா," என்றாள். "வடையக் கொண்டா."

தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். வடை ஆறிப்போயிருந்தது. அவள் ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் கொடுக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நீ எடுத்துக் குடுப்பா," என்று கையை நீட்டினாள். அவர் ஒரு வடையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கடித்தாள், ஒரு மடக்குக் கட்டன் குடித்தாள், அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.